மெஷின் டெண்டர்ல வரும். இயக்குற கை எங்கிருந்து வரும்?

(மாவட்ட இளைஞர் பயிலரங்கில் நம் ஐ.டி. விங் தோழர் பேசியது)



நான் இன்ஜினியரிங் படிச்சவன். அதனால ஒரு கணக்குலேர்ந்து ஆரம்பிக்கிறேன். சிறுநீரகம் செயலிழந்தவருக்குப் பெரும்பாலும் வாரத்துக்கு 3 தடவை டயாலிசிஸ். ஒரு தடவைக்குச் சுமார் 4 மணி நேரம். அவ்வளவு நேரமும் பக்கத்துல நிக்கிறது யாரு? டாக்டர் வந்து பார்த்துட்டுப் போவார். ஊசி குத்தி, மெஷின்ல இணைச்சு, பிரஷர் இறங்குதான்னு கண் எடுக்காமப் பார்க்கிறவங்க டெக்னீஷியனும் செவிலியரும்தான்.

மெஷினை டெண்டர் விட்டு வாங்கிடலாம். அந்தக் கைகளை வாங்க முடியாது. பயிற்சி கொடுத்துத்தான் உருவாக்கணும்.

ஆள் பற்றாக்குறைன்னு சொன்னாலே நாம மெடிக்கல் காலேஜைப் பத்தி மட்டும் பேசுறோம். அதுவும் வேணும். ஆனா ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டர் உருவாக ஐந்தரை வருஷம் ஆகும். கிராமச் சுகாதாரப் பணிக்கான ஏ.என்.எம். படிப்பு 2 வருஷம். ஜி.என்.எம். நர்சிங் 3 வருஷம். நம்ம அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இது கைக்கு எட்டுற தூரம்!

இந்த ஆசையை வச்சே ஏமாத்துறவங்களும் இருக்காங்க. "6 மாசத்துல நர்ஸ், 100% வேலை"ன்னு பஸ் ஸ்டாண்ட்ல போஸ்டர் ஒட்டுவாங்க. நகையை அடகு வச்சு ஃபீஸ் கட்டுவாங்க நம்ம அம்மாக்கள். கடைசியில அந்தச் சான்றிதழை வச்சு நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ண முடியாது. லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ் மாதிரி வேலைகளுக்கு 2021-ல மத்திய சட்டமே வந்தாச்சு. குறைந்தது 2,000 மணி நேரம், 2 வருஷத்துக்குக் குறையாத படிப்பு வேணும்னு அது சொல்லுது. நோயாளியோட உயிர் சம்பந்தப்பட்ட வேலைக்குக் குறுக்கு வழி கிடையாது.

பயிற்சி மட்டும் போதுமா? போதாது. 2017 நவம்பர்ல சென்னை டி.எம்.எஸ். வளாகத்துல ஒப்பந்த செவிலியர்கள் திரண்டு போராடினாங்களே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு அவங்களோட தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபாய். நல்லாப் படிச்சவங்களுக்கு இப்படிச் சம்பளம் கொடுத்தா, அவங்க வெளிநாட்டுக்கு ஃப்ளைட் ஏறத்தான் செய்வாங்க. அப்புறம் பற்றாக்குறைன்னு புலம்பி என்ன பயன்?

அதனால நம்ம கோரிக்கை மூணு: அரசு மருத்துவமனைகள்லயே கூடுதல் பயிற்சி இடங்கள்; பயிற்சிக் காலத்துல உதவித்தொகை; முடிச்சவங்களுக்குக் காலமுறை ஊதியத்தோட நிரந்தரப் பணி.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு, தோழர்களே. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் உங்க தெருவுல இருக்கிற தம்பி, தங்கச்சிகளைப் போய்ப் பாருங்க. ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி அந்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருக்கான்னு அவங்களோட உட்கார்ந்து சரிபாருங்க. உங்க போன்ல பத்து நிமிஷ வேலை. ஒரு குடும்பத்தோட நகை தப்பிக்கும். நாளைக்கு ஒரு நோயாளியோட உயிரும் தப்பிக்கும்.



படிச்சதோட நிறுத்தாம, உங்க வார்டு வாட்ஸ்அப் குரூப்ல பகிருங்கள்.
#பயிற்சியும்_பணியும்