கார் நிறுத்துமிடத்தில் ஒரு கிணறு

சென்னை மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளை விடியற்காலையில் ஒரு சுற்று சுற்றி வந்தால் பல காலங்களைச் சேர்த்துப் பார்த்துவிடலாம். லஸ் பக்கம் போர்ச்சுகீசியர் காலத்து மாதா கோயில். பக்கிங்காம் கால்வாயை ஒட்டி, 1997-ல் திருமயிலை வரைக்கும் வந்த பறக்கும் ரயில். இப்போது பூமிக்கு அடியில் மெட்ரோ வேலை.

ஓட்டு வீடுகள் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிகள். அதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முழங்கால் வலியோடு மாடி ஏறும் பாட்டிக்கு லிஃப்ட் பெரிய வரம்தானே! ஆனால் திண்ணை போனது எனக்கு வருத்தம்தான். வழிப்போக்கர் யாரும் கேட்காமலே உட்காரலாம் என்ற உரிமையும் அதோடு போய்விட்டது.

எங்கள் குடியிருப்பில் பழைய வீட்டின் கிணற்றை மட்டும் மூடாமல் விட்டார்கள். இரண்டு கார்களுக்கு நடுவே, இரும்புக் கம்பி வலை போட்டு, வட்டமாக இருக்கிறது. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அப்போது மொட்டை மாடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயை இறக்கினார்கள். தண்ணீர் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய தொட்டியில் வடிந்து, கிணற்றுக்குள் போகிறது. கோடையிலும் எட்டிப் பார்த்தால் அடியில் வானம் தெரியும்.

ஐப்பசி அடைமழை இரவில் வாகனச் சத்தம் ஓய்ந்த பிறகு, அந்தத் தண்ணீர் உள்ளே விழும் ஓசை மூன்றாவது மாடிவரை கேட்கிறது.