கடலுக்குள் ஒரு காடு, வானத்திலிருந்து ஒரு கணக்கு
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"பத்து நிமிஷம்தான், கிளாஸ் எடுத்துடாதே" என்று செயலாளர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். ஆகவே ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். வானிலிருந்து எடுத்த படங்களைப் படிப்பது என் தொழில். அதில் என் மனதைத் தொட்டது கலிபோர்னியாவின் கெல்ப் காடுகளின் கதை.

கெல்ப் என்பது குளிர்ந்த கடலில் பாறையைப் பற்றி வளரும் பழுப்புப் பாசி. பாசி என்றதும் குளத்துப் படிக்கட்டை நினைக்காதீர்கள்! ராட்சதக் கெல்ப் தென்னை மர உயரத்துக்கு வளரும். நல்ல பருவத்தில் ஒரே நாளில் ஒன்றரை அடிகூட நீளும். காற்றடைத்த பைகள் தூக்கிப் பிடிப்பதால் அதன் நுனிகள் நீர்மட்டத்தில் கூரைபோல மிதக்கும். கூரைக்குக் கீழே மீன், நண்டு, நத்தை என்று ஓர் ஊரே குடியிருக்கும்.

இதை எப்படி அளப்பது? உரத்துக்கான பொட்டாஷ் கிடைக்குமா என்று பார்க்க, 1911-லிருந்து அமெரிக்க வேளாண்மைத் துறையினர் படகில் போய் வரைபடம் வரைந்தார்கள். 1960-களின் பிற்பகுதியில் பேராசிரியர் வீலர் நார்த் விமானத்திலிருந்து அகச்சிவப்புப் படம் எடுக்கத் தொடங்கினார்.

அகச்சிவப்பு ஏன்? இயற்பியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். சிவப்பை அடுத்துள்ள அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும். மிதக்கும் கெல்ப் திருப்பி அனுப்பும். படத்தில் கடல் கறுப்பு, கெல்ப் பளிச்! அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் இதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. நீருக்குள் கொஞ்சம் அமிழ்ந்தாலே கெல்ப் மறைந்துவிடும். ஓதம் ஏறினாலோ நீரோட்டம் இழுத்தாலோ, இருக்கிற காடு படத்தில் இல்லாமல் போகும். எனவே படத்தோடு நாள், நேரம், ஓத அட்டவணை மூன்றும் வேண்டும். முக்குளித்துப் பார்த்துச் சொல்லும் ஆளும் வேண்டும்.

1984-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட்-5 செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி என்பது 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம்ம கணக்கில் சுமார் 22 சென்ட். சிறு திட்டுகள் அதில் தப்பிவிடும். அதற்குத்தான் விமானமும் இன்றைய டிரோனும். ஆனால் செயற்கைக்கோள் 16 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வந்தது. அந்தப் படங்கள் பெட்டகத்தில் சேர்ந்துகொண்டே இருந்தன. விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்ததை 2008-இல் இலவசமாகத் திறந்துவிட்டார்கள்.

அதன் அருமை பின்னால்தான் தெரிந்தது. 2013-இல் நட்சத்திர மீன்களை ஒரு நோய் தாக்கியது. முள்ளெலிகளைத் தின்று கட்டுப்படுத்தி வந்த சூரியகாந்தி நட்சத்திர மீன் ஏறக்குறைய அற்றுப்போனது. 2014 முதல் 2016 வரை கடல் சூடேறி, கெல்ப்புக்கு வேண்டிய சத்து குறைந்தது. தட்டிக் கேட்க ஆளில்லாத ஊதா முள்ளெலிகள் பெருகி, மிச்சமிருந்ததையும் மேய்ந்தன. வடக்கு கலிபோர்னியாவில் சுமார் 350 கிலோமீட்டர் கரையோரம், கெல்ப் கூரையில் 90 சதவீதத்துக்கும் மேல் போய்விட்டது. கெல்ப்பைத் தின்று வாழும் அபலோன் நத்தைகள் பட்டினியில் செத்தன. அவற்றைப் பிடிப்பதற்கே 2018-இல் தடை வந்தது.

"கெல்ப் குறைவதும் வளர்வதும் சகஜம்தானே, சார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1982-83, 1997-98 எல் நினோக்களில் கலிபோர்னியாவின் கெல்ப் காடுகள் பலமாக அடிவாங்கி, பிறகு மீண்டதும் உண்மை. இந்த முறை அப்படியல்ல என்று அடித்துச் சொல்ல எது உதவியது? முப்பது ஆண்டுக்கும் மேலான பழைய படங்கள்! எடுத்த அன்று யாரும் அதிசயமாகப் பார்க்காத, சர்வசாதாரணமான படங்கள். அவை இல்லையென்றால் "அந்தக் காலத்தில் நிறைய இருந்தது" என்ற வாய்ப்பேச்சுதான் மிஞ்சியிருக்கும்.

நம் கடல் வெதுவெதுப்பானது, கெல்ப் வளராது. ஆனால் பாக் விரிகுடாவில் கடற்புல் இருக்கிறது. அது எப்போதும் நீருக்கடியிலேயே இருப்பதால் அகச்சிவப்பு அங்கே பயன்படாது. நீருக்குள் ஊடுருவும் நீலமும் பச்சையும்தான் கைகொடுக்கும். முறையைக் காப்பியடிக்க முடியாது, பழக்கத்தைக் கற்கலாம்.

மாணவ நண்பர்களே, புதிய கருவி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் ஊர் ஏரியோ கடற்கரையோ, ஆண்டுதோறும் ஒரே இடத்திலிருந்து ஒரு படம் எடுங்கள். நாளையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். எடுக்கத் தவறிய ஆண்டை எந்தச் செயற்கைக்கோளாலும் திரும்பப் போய் எடுக்க முடியாது.