கடல் கடந்த கல்விச் சுற்றுலா

பாடசாலை மாணவர் சிலர் அயல்நாடு செல்லவிருக்கின்றனர் என்னும் செய்தி வெளிவந்த மாத்திரத்தே ஊரெங்கும் ஓர் உற்சாகம் பிறந்துவிடுகின்றது. மாணவர் பயணப் பெட்டியைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றனர். பெற்றார் பணத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றனர். பொறுப்பேற்ற ஆசிரியரோ அன்று முதல் உறக்கத்தை இழக்கின்றார். இவ்வுற்சாகம் நல்லதே. ஆனால் சுற்றுலாவின் வெற்றியும் தோல்வியும் கப்பலேறும் நாளில் முடிவாவன அல்ல. அதற்கு ஓராண்டுக்கு முன்னர், ஆசிரியர் சிலர் ஒரு மேசையைச் சூழ்ந்திருந்து எழுதும் திட்டத்திலேயே அவை முடிவாகிவிடுகின்றன. ஆதலின் அத்திட்டம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பது நேயர்கள் சிந்தித்தற்குரியது.

மாணவரைக் கூட்டமாக வெளியூர் அழைத்துச் செல்லும் வழக்கத்தை ஓர் ஒழுங்கான கல்விமுறையாக வளர்த்தவர்களுள் ஜப்பானியர் முக்கியமானோர். 1886ஆம் ஆண்டில் தோக்கியோ ஆசிரிய கலாசாலை மாணவர் சிபாப் பகுதியிற் பல நாள் நடந்து சென்ற பயணத்தையே அவர்கள் இதன் தொடக்கமாகக் குறிப்பிடுவர். இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் இடையிலோ, பயணம் இதனினும் மிகப் பழையது. 1914ஆம் ஆண்டிலே பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், புகைவண்டியும் கப்பலும் இணைந்து தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் தொடுத்தன. 1964ஆம் ஆண்டு டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. 2019ஆம் ஆண்டிலே பலாலி விமான நிலையம் சர்வதேச நிலையமாயிற்று. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் தொடங்கிச் சின்னாளில் நின்ற பயணிகள் கப்பற் சேவை, 2024ஆம் ஆண்டு ஓகஸ்டில் மீண்டும் தொடங்கிற்று. வழி உண்டு என்பது தெளிவு. எதற்காகப் போவது என்பதே முதல் வினா.

இதற்கு விடை காணாது புறப்படும் குழு, பல ஊர்களைப் பார்த்தும் ஒன்றையும் காணாது திரும்பும். ஐந்து நாளில் எட்டு நகரங்கள் என்று வகுக்கப்படும் பயணத்தில், மாணவன் பெரும்பாலும் காண்பது பேருந்தின் யன்னலையே. ஒரு நகரைத் தெரிந்து, அங்கே மூன்று நாள் தங்கி, அதனை ஆறுதலாகக் காண்பது மேலானது. தஞ்சாவூரை எடுத்துக்கொள்வோர், 1010ஆம் ஆண்டிலே நிறைவுற்ற இராசராசேச்சரத்தின் விமானத்தை அண்ணாந்து பார்ப்பதோடு அமைதல் கூடாது. கருங்கல் மலை அண்மையில் இல்லாத அவ்வூருக்கு அத்துணைக் கல் எங்கிருந்து வந்தது? கோயிற் சுவரிலே ஆடல்மகளிரின் பெயரும் ஊரும் ஏன் வெட்டப்பட்டன? அக்கல்வெட்டுக்களிலே ஈழத்து ஊர்கள் சிலவும் கோயிலுக்கு நிவந்தமாகக் குறிக்கப்பட்டிருப்பதன் பொருள் யாது? இவ்வாறு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வினாவை முன்னரே கொடுத்தனுப்பினால், அவர் அதற்கு விடை தேடியே நடப்பர்.

கடல் கடக்குமுன் செய்யவேண்டிய பயணமும் ஒன்று உண்டு. பொலநறுவையைக் காணாத மாணவன் தஞ்சையைக் கண்டு பெறும் பயன் பாதியே. பொலநறுவையிலே சோழர் காலக் கற்கோயில் இன்றும் நிற்கின்றது. அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்ட வெண்கலத் திருவுருவங்களைக் கொழும்பு நூதனசாலையிற் காணலாம். பராக்கிரம சமுத்திரத்தின் கரையில் நின்றவன் கல்லணையைக் காணும்போது, நீரை ஆண்ட இரு சமுதாயங்களை ஒப்பிட வல்லவனாகின்றான். சொந்த நாட்டை அறிந்தபின் அயல்நாட்டைக் காண்பவனுக்கே ஒப்புநோக்கும் கண் வாய்க்கின்றது. அன்றியும், கடல் கடத்தற்கு வசதியில்லாத மாணவரும் இம்முதற் பயணத்திற் பங்குகொள்ளலாம்.

இவ்விடத்தே மிகக் கடினமான வினா எழுகின்றது. யார் செல்வது?

பொதுவாக நிகழ்வது யாதெனின், செலவு இன்ன தொகையென அறிவிக்கப்படும். கொடுக்கக்கூடியவர் பெயர் கொடுப்பர். கொடுக்க இயலாத மாணவன் "எனக்குப் போக விருப்பமில்லை" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வான். அச்சொல் உண்மையன்று என்பதை வகுப்பிலுள்ளோர் யாவரும் அறிவர். தந்தையின் வருவாயை வகுப்பறையின் நடுவே வைத்து அளப்பதற்கு இது ஒப்பாகும். ஒரே வாங்கில் இருந்து கற்பவர்களை இவ்வாறு இரு கூறாக்கும் சுற்றுலா, எத்துணை அரிய இடத்துக்குச் சென்றாலும், பாடசாலையின் காரியமெனக் கொள்ளத்தக்கதன்று.

இதற்குப் பரிகாரம் உண்டு. செலவைக் கணக்கிட்டு, குறைநிரப்பும் வழியையும் கண்டபின்னரே அறிவித்தல் வேண்டும். முப்பது மாணவருள் மூவரின் செலவை ஏனைய இருபத்தெழுவரும் பகிர்ந்தால், ஒவ்வொருவர் பங்கிலும் ஒன்பதில் ஒன்றே கூடுகின்றது. பழைய மாணவர் சங்கமும் ஊர்ப் பெரியோரும் உதவினால் அதுவும் குறையும். உதவி பெறுவோர் பெயர் அதிபரும் வகுப்பாசிரியரும் அன்றிப் பிறர் அறியாது காக்கப்படல் வேண்டும். ஓராண்டுக்கு முன்னரே தொடங்கி, மாதந்தோறும் சிறு தொகையாகச் செலுத்தும் ஒழுங்கு நடுத்தரக் குடும்பங்களுக்குப் பேருதவியாகும். கைச்செலவுக்கு எல்லார்க்கும் ஒரே உச்ச வரம்பு விதித்தலும் அவசியம். இன்றேல் இங்கு மறைக்கப்பட்ட வேற்றுமை அங்குள்ள கடைத்தெருவில் வெளிப்பட்டுவிடும். இவையனைத்தும் செய்தும் தொகை நிரம்பாதாயின், பயணத்தைச் சுருக்குவதே நேரிது.

அடுத்தது பத்திரங்கள். கடவுச்சீட்டு, விசா என்னும் இவ்விரண்டும் பணத்தினும் காலத்தையே மிகுதியாக வேண்டுவன. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்தும் பாடசாலை இடாப்பில் வேறோர் எழுத்துமாக இருப்பதனால் மாதங்கள் கழிவது உண்டு. சிறுவரின் கடவுச்சீட்டுக்குப் பெற்றாரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். தந்தை வெளிநாட்டில் உழைக்கும் குடும்பங்களும், போரிலே பெற்றாரை இழந்த குடும்பங்களும், பத்திரங்களைப் பறிகொடுத்த குடும்பங்களும் பலவாகிய நாட்டிலே இது சிறு காரியமன்று. இந்தியா செல்வோரின் கடவுச்சீட்டு மேலும் ஆறு மாதமேனும் செல்லுபடியாதல் வேண்டும். அரசினர் பாடசாலையாயின் கல்வி அதிகாரிகளின் முன் அனுமதியும் பெறல் வேண்டும். ஆதலின் பெயர்ப்பட்டியல் முடிந்த வாரத்திலேயே ஒவ்வொரு மாணவனின் பத்திரங்களையும் பார்வையிட்டு, குறையுள்ளோர்க்கு ஆசிரியர் ஒருவர் துணைநிற்றல் நன்று. பத்திரம் இன்மையாற் பின்தங்குவோனும் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளையே.

காலத்தைத் தெரிதலிலும் விவேகம் வேண்டும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்றும் வங்கக் கடற் புயல்களும் பாக்கு நீரிணையைக் கலக்கும். அக்காலத்திற் கப்பலை நம்பித் திட்டமிடுதல் தகாது. ஏப்பிரல், மே மாதங்களில் காவிரி நாட்டு வெயில் சிறுவர்க்குக் கடுமையானது. விடுமுறையையும் பரீட்சையையும் வானிலையையும் ஒருங்கே நோக்கியே நாள் குறித்தல் வேண்டும். எவ்வழியிற் சென்றாலும், அவ்வழி தடைப்படின் திரும்புதற்கு மாற்று வழியும், அதற்கான பணமும் கையிருப்பில் இருத்தல் வேண்டும்.

இனி, பாதுகாப்பு. இதனைச் சொல்லுதல் மனத்துக்கு வருத்தம் தருவதாயினும் சொல்லாது விடுதல் குற்றமாகும். 1955ஆம் ஆண்டு மே மாதம் ஜப்பானின் உள்நாட்டுக் கடலிலே, மூடுபனியில் இரு கப்பல்கள் மோதியபோது, 'சியுன் மாரு' என்னும் கப்பலில் இருந்த 168 பேர் இறந்தனர். அவருள் ஏறத்தாழ நூற்றுவர் சுற்றுலா சென்ற பள்ளிப் பிள்ளைகள். 1988ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, சீனாவுக்குச் சென்ற ஜப்பானிய உயர்பள்ளி மாணவர் 27 பேரும் ஆசிரியர் ஒருவரும் சாங்காய் நகரின் புறத்தே நிகழ்ந்த புகைவண்டி விபத்தில் மாண்டனர். 2014ஆம் ஆண்டு ஏப்பிரலில், கொரியாவிலே 'செவோல்' என்னும் கப்பல் கவிழ்ந்து 304 பேர் இறந்தபோது, அவருள் 250 பேர் ஒரே பாடசாலையின் மாணவர். கப்பல் சாய்ந்துகொண்டிருக்கையில், இருந்த இடத்திலேயே இருங்கள் என்று அறிவிக்கப்பட்டது, பிள்ளைகள் கீழ்ப்படிந்தனர்.

இவற்றைக் கேட்டுப் பயணத்தையே கைவிட வேண்டுமென்பதில்லை. இவ்விபத்துக்களை ஆசிரியர் எவராலும் தடுத்திருக்க இயலாது எனினும், இவை புகட்டும் பாடங்கள் உள. ஏறும் வாகனம் எதுவாயினும், ஏறியவுடன் வெளியேறும் வழியையும் உயிர்காக்கும் மிதவையையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நேரிற் காட்டுதல் வேண்டும். ஆபத்தில் பெட்டியையும் பொதியையும் விட்டுவிட்டு ஓட வேண்டுமென்பதைப் பழக்குதல் வேண்டும். ஒவ்வோர் ஆசிரியரிடமும் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் ஒப்படைத்தல் தகாது. பெண்பிள்ளைகள் செல்லின் ஆசிரியைகளும் உடன் செல்லல் வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் பெயர் சொல்லி எண்ணுதல் வேண்டும். தலையை மட்டும் எண்ணுவதில் யார் இல்லை என்பது தெரிவதில்லை. பெயர், குருதி வகை, நோய், ஒவ்வாத மருந்து, பெற்றாரின் தொலைபேசி எண் ஆகியன அடங்கிய பட்டியலின் ஒரு பிரதி குழுவிடமும், மறு பிரதி பாடசாலையிலும் இருத்தல் வேண்டும். சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்துக்குப் பயண விபரத்தை முன்னரே அறிவித்தல் நன்று. இராப் பயணத்தைத் தவிர்த்தலும், காப்புறுதி செய்தலும் செலவைக் கூட்டினும் அவசியமானவை.

இவை அனைத்தினும் மேலானது ஒன்று: "இன்று போக வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் குழுத் தலைவருக்கு இருத்தல் வேண்டும். கட்டிய பணம் வீணாகுமே என்னும் எண்ணமும், காத்திருக்கும் பெற்றாருக்கு என்ன சொல்வது என்னும் கூச்சமும் அவரை நெருக்குமாறு விடலாகாது. அவ்வாறு நிறுத்தப்படும் பயணத்துக்கு எவரும் அவரைக் குறைகூறார் என்பதைப் பெற்றார் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிக்கொள்ளுதல் அறிவுடைமை.

பயணம் முடிந்தபின்னும் கடமை முடிவதில்லை. வரவு செலவுக் கணக்கு ஒரு மாதத்துள் பெற்றார் முன் வைக்கப்படல் வேண்டும். சென்றவர் தாம் எடுத்துச் சென்ற வினாக்களுக்குக் கண்ட விடைகளைச் செல்லாதவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். பாடசாலைக் காலைக் கூட்டத்திலே, தஞ்சைச் சுவரில் ஈழத்து ஊர்ப் பெயரைத் தேடிய ஒரு மாணவி அதனைப் பற்றிப் பேசும்போது, கடல் கடவாத நானூறு பிள்ளைகளும் அச்சுவரின் முன் நிற்பர். சென்றவர் சிலராயினும் கற்றவர் பலர் என்னும் நிலை அப்பொழுதே உண்டாகும். ஒரு பாடசாலை தன் பிள்ளைகளுள் முப்பது பேரை அயல்நாட்டுக்கு அனுப்பியதற்கு, எஞ்சியிருந்தோர் முன் சொல்லக்கூடிய நியாயமும் அதுவேயாகும்.