சீப்பும் சவரக் கத்தியும்: எதற்குப் பயப்பட வேண்டும்?

(தோட்டத்துச் சிறுவர் பராமரிப்பு நிலையத்தில், மட்டக்களப்பைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாவிக்கரையிலிருந்து வந்தவளுக்கு நம்ம லயத்துச் சீப்பைப் பற்றி என்ன பேச்சு என்று நினைப்பீர்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு உங்கள் சொந்தக்காரர் பலர் வடக்கிலும் கிழக்கிலும் வந்து குடியேறினார்கள். அவர்கள் வீடுகளிலும் நான் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அங்கே கேட்ட அதே கேள்வியை இன்றைக்குக் காலையில் இங்கேயும் ஒரு அக்கா கேட்டார். "மிஸ்ஸி, அடுத்தவங்க சீப்புல தலை சீவினா, அவங்க துவாயில துடைச்சா நோய் வருமா?"

சில நோய் வரும், சில நோய் வராது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? வராத நோய்க்குப் பயந்து மனுசரை ஒதுக்கி வைக்கிறோம். வரக்கூடிய நோயைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணியிலே மாட்டி வைத்திருக்கிறோம்.

முதலில் வராததைச் சொல்கிறேன். மட்டக்களப்பு வாவிக்குள்ளே மாந்தீவு என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. வெள்ளைக்காரர் ஆட்சியில் அங்கே தொழுநோய் ஆஸ்பத்திரி ஒன்றைக் கட்டினார்கள். அதற்கு முன்பே, 1708இல், ஒல்லாந்தர் கொழும்புக்குப் பக்கத்தில் ஹெந்தளையில் ஒன்று கட்டியிருந்தார்கள். 1901இல் இதற்கென்று சட்டமே வந்தது. நோய் கண்டவரை ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுபோய் வைக்கலாம் என்றது அந்தச் சட்டம். கரையில் நின்றால் வீடு தெரிகிற தூரத்தில், சுற்றி வரத் தண்ணீர், நடுவிலே ஆஸ்பத்திரி. அங்கே போனவரின் சீப்பையும் கோப்பையையும் தொடுவதற்கு வீட்டாரே அஞ்சினார்கள். கலியாணம் பேசுகிற இடத்தில் அவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள்.

இவ்வளவு பயமும் எதற்கு? தொழுநோய் சீப்பிலோ துவாயிலோ கோப்பையிலோ வருகிற நோய் இல்லை. 1873இல் நோர்வே நாட்டு வைத்தியர் ஹான்சன் இதன் கிருமியைக் கண்டுபிடித்தார். மருந்து எடுக்காத நோயாளியோடு பல மாதம், பல வருடம் நெருங்கி வாழ்கிறவருக்கு, மூச்சு, தும்மல் வழியாக அந்தக் கிருமி போகக்கூடும். அப்படிப் போனாலும் பெரும்பாலான ஆட்களுடைய உடம்பு அதைத் தானே தடுத்துவிடும். கூட்டு மருந்து நம்முடைய நாட்டுக்கு 1983இல் வந்தது. ஆறு மாதம், கூடினால் ஒரு வருடம் எடுத்தால் போதும். எடுக்கத் தொடங்கினால் மற்றவருக்குப் பரவுவதும் சீக்கிரம் நின்றுவிடும். இப்போது வீட்டில் இருந்தபடியே, இலவசமாகவே மருந்து எடுக்கலாம்.

நோய் ஒழிந்துவிட்டது என்று மட்டும் எண்ண வேண்டாம். 1995இல் இலங்கை உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கை எட்டியது உண்மை. அதற்குப் பிறகும் வருடா வருடம் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதில் எங்கள் மாவட்டத்து ஆட்களும் உண்டு. தோலில் வெளிறின படை இருந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி தெரியாவிட்டால் மறைக்காமல் டிஸ்பென்சரியில் காட்டுங்கள். வெட்கப்பட்டு மறைக்கிறவர்களுக்குத்தான் கை கால் விரல் பாழாகிறது.

இனி வரக்கூடியதைச் சொல்கிறேன். அதுதான் ஆணியில் தொங்குகிற சவரக் கத்தி.

அப்பா சவரம் செய்வார். அதே பிளேட்டை மூத்த மகன் எடுப்பான். மாமா வந்தால் அவரும் எடுப்பார். "நம்ம வீட்டு ஆளுதானே" என்று சொல்வீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலிலிருந்து ஒரு பொட்டு இரத்தம் பிளேட்டில் ஒட்டினால் போதும். ஈரல் அழற்சி 'பி' என்கிற நோயின் கிருமி, காய்ந்த இரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும். ஊரில் செங்கமாரி, மஞ்சக்காமாலை என்கிறோமே, அதில் இது ஒரு வகை. தண்ணீரால் வருகிற காமாலை வேறு, இது வேறு. இது இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரும். பெரியவர்களில் பெரும்பாலோருக்குத் தானாகவே மாறிவிடும். பிறந்தபோதே தொற்றிய பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அது மாறாமல் உள்ளேயே தங்கிவிடும். வருடக்கணக்காக ஒரு குறியும் காட்டாமல் இருந்து, கடைசியில் ஈரல் சுருங்கும், அல்லது புற்றுநோயாகும். ஆளைப் பார்த்து இது யாருக்கு இருக்கிறது என்று சொல்ல முடியாது. அதனால்தான் யாருடைய கத்தியையும் யாரும் எடுக்கக்கூடாது என்கிறேன்.

இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. 2003இல் குழந்தைகளுக்கான ஊசிகளோடு இதையும் சேர்க்கத் தொடங்கினார்கள். இப்போது 2, 4, 6 மாதங்களில் போடுகிற ஐந்து நோய்த் தடுப்பூசிக்குள் இதுவும் அடக்கம். கொழுந்துக் காலம், பேர் போட வேணும் என்று கிளினிக் நாளைத் தவற விடாதீர்கள். ஆனால் 2003க்கு முன் பிறந்த நம்மில் அநேகருக்கு இந்த ஊசி இல்லை. வீட்டில் கத்தி எடுக்கிறவர்களும் அதே ஆட்கள்தான்.

நகவெட்டி, பல் துலக்குகிற பிரஷ் இரண்டையும் கத்தியைப் போலவே நினையுங்கள். சலூனில் தேய்க்கிற படிகாரக் கல்லையும்தான். பத்துப் பேர் கீறலில் தேய்த்த கல் பதினோராவது முகத்துக்கு எதற்கு? "அண்ணே, புது பிளேடு போடுங்க, கல்லு வேணாம்" என்று சொல்ல வெட்கம் வேண்டாம். நல்ல தொழில்காரர் கோபிக்க மாட்டார்.

சீப்பால் வருவது பேன், தலையில் படர்தாமரை. அரிப்புத்தான், ஆளைக் கொல்லாது. பேன் பறக்காது, பாயாது. தலையும் தலையும் முட்டிப் படுக்கும்போதுதான் அதிகம் ஏறும். சீப்பைக் கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். சொறி சிரங்கு என்றால் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசி, துணி, பாய், துவாயையும் சுத்தம் பண்ண வேண்டும். ஒருவர் பூசி மற்றவர் பூசாமல் விட்டால் பூசின மருந்து வீண்.

எய்ட்ஸ் பற்றியும் கேட்டீர்கள். சீப்பு, துவாய், கோப்பை, ஒரே வாங்கில் உட்காருவது, இதில் ஒன்றாலும் அது வராது. 2016இல் குளியாப்பிட்டியில், தகப்பன் எய்ட்ஸால் செத்தார் என்கிற வதந்தியை நம்பி ஒரு சின்னப் பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க விடவில்லை. அந்தப் பிள்ளைக்கு நோயே இல்லை. இருந்திருந்தாலும் பக்கத்துப் பிள்ளைக்கு ஆபத்து இல்லை. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டது. நோய் இருந்தாலும் பிள்ளைக்குப் படிக்க உரிமை உண்டு என்று உயர் நீதிமன்றமும் அந்த வருடமே சொன்னது. நூறு வருடத்துக்கு முன் மாந்தீவுக்குத் தோணி ஏற்றின அதே பயம்தான் இதுவும்.

கோயில் திருவிழா வருகிறது. மொட்டை போடும் நாளில் முப்பது பிள்ளை வரிசையில் நிற்கும். ஒரே கத்தியால் எல்லாத் தலையும் வழிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கோயில் கமிட்டி ஐயாமாரிடம் ஒன்று கேட்கிறேன். பூவுக்கும் மேளத்துக்கும் காசு சேர்க்கிறீர்கள், தலைக்கு ஒரு பிளேடு என்று அந்தக் கணக்கிலே சேருங்கள். சாமிக்கு முடி கொடுக்கிறதில் குறை ஒன்றும் வராது. காது குத்தும் ஊசியும் அப்படியே. பிள்ளைக்குப் பிள்ளை புதிசாக இருக்க வேண்டும். டெட்டோலில் நனைத்துத் துடைத்தால் போதும் என்பார்கள். போதாது.

கழித்த பிளேட்டைக் கானில் எறியாதீர்கள், மலையிலும் வீசாதீர்கள். கொழுந்து எடுக்கிற பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்கிற இடம். வெறும் பால்மா டின் ஒன்றின் மூடியில் கீறல் போட்டு, உண்டியல் மாதிரி அதற்குள்ளே போட்டு வாருங்கள். நிறைந்ததும் எங்கே கொடுப்பது என்று டிஸ்பென்சரியில் கேளுங்கள்.