பிடிவாதம் அல்ல, வேதனை
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பட்டைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் எல்லோரும் பேசியாச்சு. நான் சோற்றுத் தட்டைப் பற்றிப் பேசுகிறேன். "ஆரணி அரிசிக்குப் பேர்போன ஊராச்சே, இங்கே சாப்பாட்டுக்கு என்ன குறை?" என்று கேட்பீர்கள். தட்டிலே சோறு இருந்தும் சாப்பிட முடியாமல் தவிக்கிற பிள்ளைகள் உண்டு. அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு, பிறகு குற்ற உணர்வில் துடிக்கிறவர்களும் உண்டு.

வீட்டில் இதற்கு "விரதம்", "பிடிவாதம்" என்று பேர் வைக்கிறோம். விரதத்துக்கு ஒரு முடிவு நாள் இருக்கு. பாரணை முடிந்தால் வயிறாரச் சாப்பிடுகிறோம். இந்த நோய்க்கு அப்படி முடிவு கிடையாது. உடம்பு உருகினாலும் நிற்காது.

1873-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் இதற்குப் பெயர் சூட்டினார். இது வெள்ளைக்காரர் நோய், நமக்கு வராது என்று நெடுநாள் நினைத்தோம். 1995-இல் இந்திய மனநல மருத்துவ இதழில் வெளியான ஒரு ஆய்வில், சென்னை மருத்துவ மாணவர்கள் 210 பேரில் 31 பேருக்கு உணவு சார்ந்த மனத்தொல்லை இருந்தது. முழு நோய் அல்ல, அதன் மெல்லிய வடிவம். படித்த பிள்ளைகளுக்கே இந்த நிலை!

இதனோடு இன்னொன்றும் சேர்ந்து வருவதுண்டு: தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது. 2016-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உணவுக் கோளாறு உள்ளவர்களில் சுமார் 27 சதவீதம் பேர் அப்படிச் செய்திருந்தார்கள். ஏன்? தாங்க முடியாத மனவலியைக் கொஞ்ச நேரம் அடக்க வேறு வழி தெரியாததால்தான். ஊர் பார்க்க வேண்டும் என்று செய்வது அல்ல. பெரும்பாலும் மறைத்துத்தான் வைக்கிறார்கள்.

அப்படியானால் குணம்தான் காரணமா? குணத்துக்குப் பங்கு உண்டு. எதிலும் நூற்றுக்கு நூறு வேண்டும் என்று தன்னையே வாட்டிக்கொள்கிறவர்கள் சாப்பாட்டைச் சுருக்குவதைப் பார்க்கிறோம். உணர்ச்சி சட்டென்று பொங்குகிறவர்கள் அளவின்றிச் சாப்பிடுவதும், தம்மைக் காயப்படுத்திக்கொள்வதும் கூடுதல். ஆனால் பாவு மட்டும் சேலை ஆகாது, ஊடையும் வேண்டும். குடும்பம், கேலிப்பேச்சு, பரீட்சை பயம், பழைய காயம், பரம்பரை எல்லாம் சேர்ந்துதான் நோய் உருவாகிறது. பட்டினி கிடந்தால் குணமே மாறிப்போகும்; எரிச்சலும் பிடிவாதமும் வரும். அதைப் பார்த்து "இவளோட சுபாவமே இப்படித்தான்" என்று முத்திரை குத்தாதீர்கள்.

குணம் கல்லெழுத்தும் அல்ல. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன் இளவயதில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு, மருத்துவமனையில் கிடந்தவர். அதை 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். பொங்கும் உணர்ச்சியைக் கையாளப் பழக்கும் சிகிச்சையை வகுத்தவரும் அவரே. இன்று உலகெங்கும் அது பயன்படுகிறது.

நாம் செய்ய வேண்டியது என்ன? அதட்ட வேண்டாம், கெஞ்ச வேண்டாம், உடம்பைப் பற்றிக் கேலி பேச வேண்டாம். "உனக்கு என்ன கஷ்டம்னு சொல்லும்மா, நான் கேட்கிறேன்" என்று பக்கத்தில் உட்காருங்கள். எடை வேகமாகக் குறைந்தாலோ, மயக்கம் வந்தாலோ, "உயிரோட இருக்க வேண்டாம்" என்று சொன்னாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பக்கத்து வேலூர் பாகாயத்திலே சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் 14416 எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

தம்பி தங்கைகளே, உங்களில் யாராவது இதைச் சுமந்துகொண்டிருந்தால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.