மூச்சும் மனச்சோர்வும்



மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியில், நகரைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் அலுவிகாரைக் குகைகள் தோன்றும். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் என்னும் மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பெற்று வந்த திரிபிடகம் அங்கேதான் ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. அதனுள் மூச்சை மாத்திரமே பொருளாகக் கொண்ட ஓர் உபதேசம் உண்டு. ஆனாபான சதி என்பது அதன் பெயர். நான் பாடசாலைக்குச் செல்லும் பேருந்து நாள்தோறும் அக்குகைகளின் முன்னால்தான் ஓடுகின்றது. பல ஆண்டுகள் அவற்றைக் கண்டும் காணாதவனாகவே போய்வந்தேன். அந்த உபதேசத்தின் அருமை, எனக்கே அது வேண்டியிருந்த காலத்தில்தான் விளங்கிற்று.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் மனைவியார் காலமானார். முதற் சில மாதங்கள் துக்கத்தில் கழிந்தன. அஃது எவர்க்கும் இயல்பே. ஆனால் அதன்பின் வந்தது துக்கம் அன்று. அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும்; பின்னர் உறக்கம் இல்லை. உணவில் உப்பும் உறைப்பும் தெரியவில்லை. காலைக் கூட்டத்தில் மாணவர்முன் பேச எழுந்தவன், பேச வந்ததை மறந்து நின்றேன். ஒரு கடிதத்தில் கையொப்பம் இடுவதுகூட மலையைப் புரட்டுவதாயிற்று. “சேர், உங்களுக்குச் சுகமில்லையா?” என்று இளம் ஆசிரியை ஒருவர் கேட்டார். “ஒன்றுமில்லைப் பிள்ளை” என்றேன். அதிபராயிருப்பவன் தளரலாகாது என்ற வீண் எண்ணம்!

வைத்தியரிடம் செல்ல நாணினேன். நூல் கற்றவன் அல்லவா? திருமந்திரத்தை எடுத்தேன். அதன் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் பிராணாயாமத்தை விளக்குகின்றார். பூரகம் 16 மாத்திரை, கும்பகம் 64, இரேசகம் 32 என்பது அங்குள்ள அளவு. குருவும் இல்லை, பயிற்சியும் இல்லை. முதல் நாளே மூச்சை அடக்கி அறுபத்து நான்கு எண்ண முயன்றேன். தலை சுழன்றது, நெஞ்சு இறுகிற்று. பின்னர்க் கண்ணை மூடித் தியானத்தில் அமர்ந்தேன். அமைதி வரவில்லை. ‘நீ பயனற்றவன்’ என்ற ஒரே எண்ணம் செக்குமாடுபோல் சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டு கிழமைகளில் முன்னினும் மோசமானேன். பிழை திருமூலர்மீது அன்று. இயமம், நியமம், ஆசனம் என்னும் மூன்று படிகளை ஏறியவனுக்கு அவர் வகுத்ததை, கீழே கிடந்த நான் எட்டிப் பறிக்கப் பார்த்தேன்.

இறுதியில் என் தமக்கையின் மகன், “மாமா, இன்றைக்கு நான் கூட்டிக்கொண்டுதான் போவேன்” என்று வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றான். வைத்தியர் நான் சொன்னதனைத்தையும் பொறுமையாகக் கேட்டார். இது மனச்சோர்வு நோய் என்றார். குளிசை எழுதித் தந்தார். பிராணாயாமத்தை அவர் இகழவில்லை. “மூச்சை அடக்குவதை விட்டுவிடுங்கள்; வெளிவிடுவதை மட்டும் நீட்டுங்கள்” என்றார்.

அதன் காரணத்தை ஓரளவு விளக்கவேண்டும். நாம் சாதாரணமாக நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டு முறை மூச்சு விடுகின்றோம். உள்வாங்கும்போது இதயத்துடிப்புச் சற்று விரைகின்றது, வெளிவிடும்போது தணிகின்றது. மூளையின் அடியிலிருந்து இதயத்துக்கும் நுரையீரலுக்கும் குடலுக்கும் இறங்கும் வேகஸ் என்னும் நரம்பே இத்தணிவுக்கு வழி செய்கின்றது. ஆகவே நான்கு எண்ணி உள்வாங்கி, ஆறு எண்ணி வெளிவிட்டால், நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். உடலின் பதற்றமும் குறையும். மூக்கால் மட்டுமே மூச்சு விடவேண்டும். வயிறு எழுந்து தாழவேண்டும். தலை சுழன்றால் உடனே நிறுத்திவிடவேண்டும். இதயநோய், வலிப்பு, ஈளை உடையவரும் கருவுற்றவரும் கும்பகத்தை அறவே தவிர்ப்பது நன்று. அளவுக்கு மீறி மனம் எழுச்சியுற்று, பின் தாழ்வுறும் நோயுள்ளவர், விரைந்த பிராணாயாமங்களை வைத்தியரைக் கேளாது தொடலாகாது.

நம் நாட்டிலேயே இத்துறையில் முன்னின்று உழைத்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம் அவர்கள். போரினால் உள்ளம் நைந்த மக்களுக்கு, அவரவர் மரபில் இருந்தவற்றையே மருந்தோடு சேர்த்து வழங்கினார். சைவருக்குப் பிராணாயாமமும் மந்திர செபமும் சாந்தி ஆசனமும், பௌத்தருக்கு ஆனாபான சதி, கத்தோலிக்கருக்குச் செபமாலை, இஸ்லாமியருக்குத் திக்ர். போரின் உளவடுக்களைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல் 1998இல் வெளிவந்தது. கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் அடுத்தடுத்து நிற்கும் மாத்தளையில் வாழும் நமக்கு, இம்முறை மிகவும் ஏற்றதாகத் தோன்றுகின்றது.

பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தார் செய்த ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கடுமையான மனச்சோர்வினால் மருத்துவமனையில் சேர்ந்த 45 பேரை மூன்று கூறாக்கினர். ஒரு கூறினர்க்கு மின்னதிர்ச்சி மருத்துவம். ஒரு கூறினர்க்கு இமிப்பிரமின் என்னும் மருந்து. மற்றவர்க்குச் சுதர்சனக் கிரியை என்னும் மூச்சுப் பயிற்சி. நான்கு கிழமைகளின் பின், நோய் தணிந்தோர் முறையே நூற்றுக்கு 93, 73, 67 பேர் என்ற விகிதத்தில் இருந்தனர். பயிற்சி மருந்துக்கு அருகில் வந்தமை வியப்பே. ஆயினும் ஒரு கூறுக்குப் பதினைவரே என்பதை மறக்கலாகாது. ஒன்றும் செய்யாது விடப்பட்ட கூறு ஒன்றும் அங்கு இல்லை. தாமாகவே தேறியிருக்கக்கூடியவர் எத்தனை பேர் என்பதை இவ்வாய்வு சொல்லாது. முகநூலில் ‘மாத்திரை வேண்டாம், மூச்சே போதும்’ என்று முழங்குவோர் இதனைப் படித்திருக்கமாட்டார் போலும்.

தியானத்தின் பயன் வேறிடத்தில் தெளிவாகத் தெரிகின்றது. நோய் தணிந்தவர்க்கு அது மீளாமற் காப்பதில் அது கைகொடுக்கும். இங்கிலாந்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வுற்ற 424 பேரை ஈராண்டு கவனித்து, 2015இல் முடிவை வெளியிட்டனர். மருந்தைத் தொடர்ந்தோரில் நூற்றுக்கு 47 பேருக்கும், தியானம் பயின்று மருந்தைப் படிப்படியாகக் குறைக்க உதவி பெற்றோரில் 44 பேருக்கும் நோய் மீண்டது. ஏறக்குறைய ஒன்றே. எண்ணங்களை விரட்டாமலும் பின்தொடராமலும், வருவதும் போவதுமாகப் பார்த்திருப்பதே அங்கு கற்பித்தது. அலுவிகாரையில் எழுதியதும் அதுதானே! மூச்சு நீண்டதாயின் நீண்டது என்றும், குறுகியதாயின் குறுகியது என்றும் அறிந்திருப்பது.

இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் தாய்மாரிடம் இதனைச் சொல்லும்போது, “லயத்தில் எட்டுப் பேர் இருக்கிறோம்; எங்கே சேர் உட்காருவது?” என்று கேட்கின்றனர். நியாயமான கேள்வி. தனியறையும் ஆசனமும் கட்டாயமில்லை. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த வேளையில், நின்றபடியே பத்து மூச்சு நீட்டி விடலாம். ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் மனம் எழவேயில்லை, உறக்கமும் பசியும் கெட்டன எனில், வைத்தியசாலைக்கே வரவேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது. தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926. பக்கத்தில் இருப்பவர் அந்நிலையில் ஒருவரைத் தனியே விடலாகாது. பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அகற்றிவிடவேண்டும்.

நான் ஒன்றரை ஆண்டு குளிசை உட்கொண்டேன். பின்னர் வைத்தியரே அதைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார். இப்பொழுது அதிகாலை ஐந்து மணிக்கு, தேநீருக்கு முன், விறாந்தையில் அமர்ந்து பன்னிரண்டு நிமிடம் மூச்சைப் பார்க்கின்றேன். சில நாள்களில் மனம் அமையும். அமையாத நாளில் வற்புறுத்துவதில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு பிரதான வீதிவரை நடந்து திரும்புகின்றேன்.