அடிப்பிடித்த குக்கரும் அடைபட்ட மூடியும்

(நமது அறக்கட்டளையின் மகளிர் மாதக் கூட்டத்தில் சகோதரி ஒருவர் ஆற்றிய உரை)



அன்புச் சகோதரிகளே, குக்கர் கழுவுவது பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். "இதை நாங்கள் இருபது வருஷமாகச் செய்கிறோமே லாத்தா" என்று ஒரு தங்கை சொன்னார். நானும் இருபது வருஷம் தவறாகத்தான் செய்தேன்.

வசதியில்லாத குடும்பங்களுக்குக் கொடுக்க நீங்கள் தரும் பழைய பாத்திரங்களைப் பிரித்து அடுக்கும் வேலை எனக்கு. அதில் வரும் அலுமினியக் குக்கர்களில் பல, சமைத்துக் கெட்டவை அல்ல; தேய்த்துக் கெட்டவை. உள்ளே கத்தியால் சுரண்டிய கோடுகள், கறுத்துப்போன அடி, அடைத்துக் கிடக்கும் மூடி. அவற்றை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்க மனம் வருவதில்லை.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். மகளுக்குக் கல்யாணமான புதிது. மறுவிருந்துக்குத் தாளிச்சா வைக்கப் பருப்பு போட்டேன். வந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்ததில் அடிப்பிடித்துவிட்டது. சம்பந்தி வீட்டார் பார்க்கும் முன் மறைக்க வேண்டும் என்ற அவசரத்தில் சலவை சோடாவைக் கொட்டிக் கொதிக்க வைத்து, இரவு முழுக்க ஊற விட்டேன். காலையில் கருகல் போயிருந்தது. கூடவே குக்கரின் வெள்ளையும் போயிருந்தது. துடைத்தால் துணியெல்லாம் கறுப்பு. அதைப் போக்க இரும்பு நாரால் தேய்த்தேன்.

இத்தனையும் பாத்திரத்துக்குத்தான். மூடியை ஒரு முறை தண்ணீரில் அலசி வைத்தேன், அவ்வளவுதான். அதன் ஆவிக் குழாயில் பருப்புத் தோல் அடைத்திருந்ததை நான் பார்க்கவே இல்லை. மறுநாள் கறி வேக வைத்தேன். விசில் வரவில்லை. தீ போதவில்லை என்று நினைத்துக் கூட்டினேன். கொஞ்ச நேரத்தில் சேஃப்டி வால்வு திறந்து, கொதிக்கும் மசாலா மேல் சுவர்வரை அடித்தது. சற்று முன்புதான் என் மகள் அந்த அடுப்படியில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அல்ஹம்துலில்லாஹ், வால்வு தன் வேலையைச் செய்தது. நான்தான் என் வேலையைச் செய்யவில்லை.

அன்றுதான் இரண்டு விஷயம் புரிந்தது. குக்கரின் அடிக்குப் பொறுமை வேண்டும். மூடிக்குக் கவனம் வேண்டும்.

முதலில் அடி. அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று இயல்பாகவே இருக்கிறது. உலோகத்தைக் காப்பது அதுதான். சலவை சோடா, காஸ்டிக் சோடா, பாத்திரம் கழுவும் மெஷினில் போடும் தூள் ஆகியவற்றின் காரம் அந்தப் படலத்தைக் கரைத்து உலோகத்தையும் அரிக்கும். துணியில் ஒட்டிய கறுப்பு அப்படி வந்ததுதான். ஆகவே கடுமையான காரம் எதுவும் அலுமினியத்துக்கு வேண்டாம்.

அடிப்பிடித்தால் இப்படிச் செய்யுங்கள். அடுப்பை அணைத்துக் குக்கர் தானாக ஆறட்டும். சுடச்சுட இருக்கும் காலிக் குக்கரில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அடி நெளிந்துவிடும். ஆறிய பிறகு ஒட்டாத சோற்றையும் பருப்பையும் எடுத்துவிட்டு, கருகல் மூழ்கும் அளவு வெந்நீரும் சில சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விடும் விட்டு ஒரு மணி நேரம் ஊற விடுங்கள். பாதிக் கருகல் இதிலேயே இளகிவிடும். மரக் கரண்டியால் மெல்லத் தள்ளுங்கள். கத்தி, தோசைக் கரண்டி கூடாது.

மிச்சம் இருந்தால் புதுத் தண்ணீர் ஊற்றி, எலுமிச்சை அளவு புளி அல்லது பிழிந்த எலுமிச்சைத் தோல்களைப் போட்டு, மூடி போடாமல் சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். புளிப்பு, கருகலையும் இளக்கும். அலுமினியத்தின் கறுப்பையும் எடுக்கும். ஆறியதும் தேங்காய் நாராலோ நைலான் நாராலோ தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து வையுங்கள். புளித்தண்ணீரையோ உப்புத்தண்ணீரையோ இரவெல்லாம் அதில் விட்டு வைக்க வேண்டாம். உலோகத்தில் சின்னச் சின்னக் குழி விழும். ஒரே நாளில் போகாவிட்டால் மறுநாள் இன்னொரு முறை செய்யுங்கள்.

"ஆப்ப சோடா போடலாமா?" என்று கேட்பீர்கள். அதுவும் லேசான காரம்தான். பிடிவாதமான இடத்தில் மட்டும் ஈரத்தோடு தடவி, சில நிமிடத்தில் கழுவிவிடுங்கள். அதைப் போட்டுக் கொதிக்க வைக்காதீர்கள். சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றினால் நுரை நிறைய வரும். ஆனால் ஒன்றை ஒன்று முறித்துவிடுவதால் பலன் குறைவு.

கருஞ்சாம்பல் நிறத்தில் வரும் ஹார்டு அனோடைஸ்டு குக்கரும் அலுமினியம்தான். அதன் நிறமே அதன் பாதுகாப்பு. அதை அழுக்கு என்று நினைத்து இரும்பு நாரால் தேய்த்து வெளுக்க வைத்துவிடாதீர்கள். குக்கருக்குள் தட்டு வைத்துச் சமைக்கும்போது அடித் தண்ணீரில் சின்னத் துண்டு புளியோ எலுமிச்சைத் தோலோ போட்டால், உள்ளே கறுப்பது குறையும்.

இப்போது மூடி. அடி கறுத்திருந்தால் பார்க்கத்தான் அசிங்கம். மூடி அடைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

ஒவ்வொரு முறையும் விசிலையும் ரப்பரையும் கழற்றித் தனித்தனியாகக் கழுவுங்கள். ஆவிக் குழாயில் மெல்லிய கம்பியோ ஊசியோ விட்டு, குழாய்த் தண்ணீர் பாய்ச்சுங்கள். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் வெளிச்சம் தெரிய வேண்டும். விசிலின் உள்பக்கத்தையும் பாருங்கள். பருப்பு நுரை அங்கேதான் காய்ந்து கெட்டியாகும். ரப்பரும் மூடியின் விளிம்பும் உட்காரும் இடத்தில் கருகல் இருந்தால் விரல் நகத்தால் எடுங்கள். அங்கே கீறல் விழுந்தால் ஆவி கசியும்.

சேஃப்டி வால்வைச் சுரண்டக் கூடாது. நம் வீடுகளில் அதிகம் உள்ள வகையில், சூடு எல்லை மீறினால் உருகி வழிவிடும் உலோகம் வைத்திருப்பார்கள். ஒரு முறை உருகினால் அதே கம்பெனி வால்வை வாங்கி மாற்றுவதுதான் வழி. மாவு, சோப்பு, துணி எதையும் வைத்து அடைத்துச் சமைக்காதீர்கள். இறுகிய ரப்பர், வெடித்த ரப்பர் இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

பருப்பு, அரிசி போன்ற நுரைத்துப் பொங்குபவற்றைப் பாதிக் குக்கருக்கு மேல் நிரப்ப வேண்டாம். முதலில் ஆவி சீராக வரட்டும். பிறகு விசில் போடுங்கள். ஆவி வருகிறதென்றால் குழாய் திறந்திருக்கிறது. அன்று நான் இந்த ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும்.

அடி நெளிந்து ஆடும் குக்கர், மூடி சரியாகப் பூட்டாத குக்கர், ஆழமாகக் குழி விழுந்த குக்கர் ஆகியவற்றை இனிச் சமையலுக்கு வைக்காதீர்கள். எங்களிடமும் தராதீர்கள், பழைய அலுமினியமாக எடைக்குப் போட்டுவிடுங்கள். புதிது வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதோடு ஐ.எஸ். 2347 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சகோதரிகளே, நோன்பு வருகிறது. மாலையில் கஞ்சி, கறி, பருப்பு என்று எல்லாமே ஒரே அவசரத்தில் அடுப்பேறும். பாங்குக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது குழாயைப் பார்க்க யாருக்கும் தோன்றாது. அதனால் லுஹர் தொழுததும் மூடியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். உங்கள் பெண் பிள்ளைகளுக்கும், ஆண் பிள்ளைகளுக்கும் அதைக் காட்டிக் கொடுங்கள்.

நீங்கள் தரும் குக்கர் யாரோ ஒரு வீட்டில் குழந்தைகள் பக்கத்தில் நிற்க அடுப்பேறப் போகிறது. நம் வீட்டில் எதை வைத்துச் சமைக்கத் துணிவோமோ, அதையே கொடுப்போம்.

வஸ்ஸலாம்.